பூட்டுக்கு உள்ளே நின்றவர்

அத்தியாயம் 14

வற்றல் வியாபாரி வீட்டில் மிளகாய் கிள்ளித் தாளிக்க வழியில்லை என்றால் யாராவது நம்புவார்களா? ராயபுரம் ஞானசிகாமணி அண்ணாச்சி வீட்டில் எட்டு மாதமாக அதுதான் நிலைமை. வாணலியில் ஒரே ஒரு மிளகாய் கருகினால் போதும், அவருடைய மகன் டென்னிஸ் தெருவுக்கு ஓடிவிடுவான். இருபத்தாறு வயது ஆண்பிள்ளை, செருப்புக்கூட மாட்டாமல், எதிர்வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெடவெடவென்று நடுங்குவான்.

பெற்றவள் என்ன செய்வாள்? தேவப்பிரியம் ரசத்துக்கு மிளகைத் தட்டிப் போட்டு, தாளிக்காமலே இறக்கப் பழகிக்கொண்டாள்.

போன வாரம் அவன் காணாமல் போனதையும், வீட்டார் துறைமுக வாசல்வரை தேடி அலைந்ததையும் படித்தவர்களுக்கு மீதி தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவன் எங்கும் போகவில்லை. பின்சந்தில் இருக்கும் அவர்களுடைய குடோனுக்குள் போய், ஷட்டரை உள்ளிருந்து இழுத்துவிட்டு, கரி படிந்த தரையில் உட்கார்ந்திருந்தான். அந்தக் குடோனில்தான் டில்லிபாபு செத்தார்.

டில்லிபாபு வியாசர்பாடிக்காரர். டென்னிஸ் பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே அண்ணாச்சி கடையில் மூட்டை இறக்கியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தெற்கேயிருந்து வந்த மிளகாய் வற்றல் மூட்டைகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தார். ஒயரில் பொறி பறந்து சாக்கு பற்றிக்கொண்டது. ஒரு மிளகாய் கருகினாலே வீடே இருமும். ஒரு குடோன் மிளகாய் புகைந்தால் உள்ளே இருக்கும் மனுஷன் என்ன ஆவான்?

"குடிச்சிட்டு, அவனே ஷட்டரை இழுத்துவிட்டுட்டு உள்ள படுத்திருக்கான். பீடி பத்த வச்சிருப்பான்" என்று அண்ணாச்சி ஸ்டேஷனில் சொன்னார். ஊரும் அதையே திருப்பிச் சொன்னது.

அத்தனையும் பொய். ஷட்டர் வெளியே பூட்டியிருந்தது. பூட்டியவன் டென்னிஸ். திறந்தவனும் அவனே. இது நிச்சயமாகத் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். மூன்று பேரும் ஒரே மேசையில் ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடுகிறவர்கள்.

இன்றைக்கு வியாழக்கிழமை. சபையில் ஆலோசனை சொல்கிற சிஸ்டர் வினிதாவிடம் தேவப்பிரியம் மகனை அழைத்துப்போகிற நாள்.

"ஏல மக்கா, ஒரு வாய் சாப்பிடு. சிஸ்டர் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காவ" என்று இட்லித் தட்டை நகர்த்தினாள்.

டென்னிஸ் தட்டைத் தொடவில்லை. "அம்மா, அவங்க சொல்லிக் கொடுத்ததை தினமும் சொல்லிப் பாக்குறேன். நான் மன்னிக்கப்பட்டவன், நான் மன்னிக்கப்பட்டவன். நாக்குதான் வறண்டு போகுது."

"சொல்லிட்டே இரு ராசா. விசுவாசம் வேணும்லா?"

"நான் யார்கிட்டம்மா மன்னிப்பு கேட்டேன், அவங்க மன்னிக்கிறதுக்கு?"

 முன்னறையில் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அண்ணாச்சி குறுக்கிட்டார்.

"இங்க பாரு, ஜெபம் பண்ணுங்க, அழுங்க, என்னமும் செய்யுங்க. பூட்டைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை வெளிய வரப்படாது. ஞாயித்துக்கிழமை நான் சபை கமிட்டியில பொறுப்பேற்கப் போறேன். இத்தனை வருஷம் கழிச்சு இப்பதான் கெடச்சிருக்கு. பிரியம், நீ கூடவே இருந்து பாத்துக்கோ."

"பாத்துக்கிடுதேன்" என்றாள் தேவப்பிரியம். மகன் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

*

திருவொற்றியூரில், சபையின் கோயிலை ஒட்டிய கட்டடத்தின் மாடியில் வினிதா ஆலோசனை தருகிற அறை. முறையாகப் படித்தவள். ஜெபத்தையும் படிப்பையும் சேர்த்து, அடிபட்ட மனசுகளைத் தேற்றுகிறவள் என்று சபை முழுக்க அவளுக்கு நல்ல பேர். புருஷனை இழந்தவர்கள், குடியில் அழிந்தவர்கள், பரீட்சையில் தோற்று பூச்சிமருந்தைத் தேடியவர்கள் எல்லாம் அந்த மர நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள்.

முதல் நாளே அவள் டென்னிஸைக் கேட்டிருந்தாள். "உங்களைப் பத்தி உங்க மனசு திரும்பத் திரும்ப என்ன சொல்லுது?"

"நான் கொலைகாரன்."

"அது பொய் டென்னிஸ். அந்தப் பொய்தான் உங்களை எழுந்திருக்க விடாம அழுத்துது. அதைப் பிடுங்கிட்டு சத்தியத்தை நடணும்."

பாவம், அவளுக்கு என்ன தெரியும்? கடையில் நடந்த தீ விபத்தைப் பையன் கண்ணால் பார்த்துவிட்டான், அதனால் பயந்திருக்கிறான் என்றுதான் தேவப்பிரியம் சொல்லியிருந்தாள். வைத்தியரிடம் காலில் புண் இருக்கும்போது கையை நீட்டினால் அவர் எதற்கு மருந்து போடுவார்?

"அம்மா இன்னிக்காவது வெளியே இருக்கலாமே?" என்றாள் வினிதா.

"இல்ல சிஸ்டர், தனியா இருந்தா பயப்படுவான்" என்று தேவப்பிரியம் நாற்காலியை மகன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பயப்பட்டது யார் என்று அவளுக்குத் தெரியாதா?

வினிதா ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். "டென்னிஸ், இன்னிக்கு அந்த நாளுக்கே ஒரு தடவை போய்ப் பார்ப்போம். கண்ணை மூடிக்கோங்க. முடியலன்னா கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடலாம். எங்கே நிக்கிறீங்க?"

"குடோன் வாசல்ல."

"தனியாவா?"

"இல்ல. டில்லி அண்ணன் உள்ள அடுக்கிட்டிருக்காரு. தம்பி, கோயிலுக்கு நேரமாச்சு பாரு, ஓடுன்னு சொல்றாரு."

தேவப்பிரியம் கையிலிருந்த கைக்குட்டையை முறுக்கினாள். அவளுக்கும் அந்தக் காலை கண்ணெதிரே வந்துவிட்டது. அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஞாயிறு. டென்னிஸ் வேத பாடம் வாசிக்க வேண்டிய முறை. லாரி லேட்டாக வந்துவிட்டது, டில்லி அண்ணன் இன்னும் உள்ளே அடுக்குகிறார் என்று அவன் போனில் சொன்னான். அவள் கோயில் வாசலில் நின்றுகொண்டு, பக்கத்தில் யாரும் கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "ஷட்டர் தொறந்து கெடந்தா கோயிலுக்குப் போற சனம் பாக்கும். ஓய்வுநாள்ல கடை நடத்துதாவன்னு பேசும். அப்பா கமிட்டிக்கு நிக்காவல்லா? இறக்கிப் பூட்டிட்டு ஓடி வா. ஆராதனை முடிஞ்சதும் தொறந்துக்கிடலாம். போனை அமத்திப் போட்டுரு."

நல்ல பிள்ளை. பூட்டினான். போனையும் அமர்த்தினான். அந்தப் போனுக்கு டில்லிபாபு எத்தனை முறை கூப்பிட்டார் என்பதை ஆராதனை முடிந்த பிறகுதான் பார்த்தான்.

"இப்ப மெதுவா சுத்திப் பாருங்க" என்றது வினிதாவின் குரல். "அந்த இடத்துல இயேசு எங்கே நிக்கிறார்? அவசரமில்ல."

இந்தக் கேள்விக்கு எல்லாருக்கும் ஏதோ ஒரு ஆறுதல் கிடைக்கும். என் பக்கத்தில் நிற்கிறார் என்பார்கள். தோளில் கை வைத்திருக்கிறார் என்று சொல்லி அழுவார்கள். அழுது முடித்ததும் முகம் தெளியும். தேவப்பிரியமும் அதற்குத்தான் காத்திருந்தாள். ஆண்டவரே, எம் பிள்ளை தோளைத் தொடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபித்தாள்.

டென்னிஸ் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னான்.

"உள்ள."

"குடோனுக்கு உள்ளேயா?"

"ஆமா. டில்லி அண்ணன்கூட. ரெண்டு பேரும் ஷட்டரைத் தட்டுறாங்க."

"சரி. பயப்படாதீங்க. அவர் வெளியே வர்றாரா, பாருங்க."

"எப்படி வருவாரு சிஸ்டர்? வெளியில பூட்டிருக்கு. சாவி என் பாக்கெட்ல இருக்கு." அவன் குரல் கீச்சென்று உயர்ந்தது. "அவரை உள்ள வச்சுப் பூட்டிட்டு, நான் கோயில்ல போய் அவரைத் தேடிட்டிருந்தேன். பந்தியில முழங்கால்ல நின்னு அப்பம் வாங்கினேன். அவரு அங்க இல்லவே இல்ல. உள்ள இருமிட்டிருந்தாரு!"

வினிதா அவன் கையைப் பிடித்து, கண்ணைத் திறக்கச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். பிறகு தேவப்பிரியத்தைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால்கூடத் தேவப்பிரியத்துக்குத் தாங்கியிருக்கும்.

"முதல் நாள் நான் அது பொய்னு சொன்னேன் டென்னிஸ். எனக்குத் தெரியாம சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க" என்றாள் வினிதா. "நீங்க அவரைக் கொல்ல நினைச்சுப் பூட்டல. அதனால கொலைகாரன்ங்கிற வார்த்தையை நான் இப்பவும் ஒத்துக்க மாட்டேன். ஆனா பூட்டினது நிஜம். நடந்த ஒண்ணை ஜெபம் பண்ணி நடக்காததா ஆக்க முடியாது. அதைக் கேக்க வேண்டியவங்க வேற இடத்துல இருக்காங்க. நாளைக்கு நானும் கூட வர்றேன். தனியா போக வேண்டாம்."

தேவப்பிரியம் எழுந்துவிட்டாள். "சிஸ்டர், ஒரு நிமிஷம்."

வினிதாவின் முழங்கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "உங்க காலைப் பிடிச்சுக் கேக்கேன். இது இந்த ரூமைத் தாண்டப்படாது. எங்க வீட்டுக்காரவுங்க மானம் போயிரும். எம் பிள்ளையைப் பிடிச்சுட்டுப் போயிருவாவ. இருக்கிறது ஒத்தப் பிள்ளை."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேம்மா. ஆனா அவர் இதை உள்ளயே வச்சுட்டிருந்தா பிழைக்க மாட்டார். போன வாரம் அந்தக் குடோன்ல எதுக்குப் போய் உக்காந்தார்னு நினைக்கிறீங்க?"

தேவப்பிரியம் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகட்டும் என்றாள். எல்லாம் பேசி முடித்து இருவரும் உள்ளே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. பின்பக்கத்துப் படிக்கட்டுக் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

*

அந்த மத்தியான வெயிலில் ஒரு தாய் திருவொற்றியூர் முழுக்க ஓடியதை யார் பார்த்தார்களோ, யார் பார்க்கவில்லையோ. முதலில் கடற்கரைக்கு ஓடினாள். கல் கொட்டிய கரையில் நின்று, "டென்னிசு! ஏல டென்னிசு!" என்று கத்தினாள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர்கள், அப்படி யாரும் வரவில்லை என்றார்கள். அங்கிருந்து ரயில்வே ஸ்டேஷன். கும்மிடிப்பூண்டி வண்டி அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. பிளாட்பார ஓரத்தில் குனிந்து தண்டவாளத்தைப் பார்த்தாள். எதுவும் இல்லை. 

புருஷனுக்குப் போன் போட்டாள். "ஏங்க, பிள்ளையைக் காணல. எல்லாத்தையும் சிஸ்டர்கிட்ட சொல்லிட்டான். சொல்லிட்டு எங்கயோ போயிட்டான்."

 அண்ணாச்சி கேட்டார்: "போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருப்பானோ?"

"என்னது?"

"அங்க போய் உளறிட்டான்னா என்ன செய்ய? நீ முதல்ல அங்க போய்ப் பாரு."

தேவப்பிரியத்துக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தது. கல்யாணமான நாள்முதல் அவரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள், பிளாட்பாரத்தில் அத்தனை பேர் நடுவில் கத்தினாள். "பிள்ளை உசுரோட இருக்கானான்னு கேட்டீயளா நீங்க? ஒரு வார்த்தை கேட்டீயளா? நாசமாப் போக உங்க கமிட்டி!"

போனை வைத்த பிறகுதான் அவளுக்குப் பட்டது. கேக்க வேண்டியவங்க வேற இடத்துல இருக்காங்க என்று வினிதா சொன்னாளே. அவன் நாளை வரைக்கும் காத்திருக்கிற நிலையிலா இருந்தான்?

வெளியே வந்து முதலில் நின்ற ஆட்டோவில் ஏறினாள். "வியாசர்பாடி போப்பா. ஹவுசிங் போர்டு. சீக்கிரம் போ ராசா."

*

டில்லிபாபுவின் வீடு இரண்டாவது மாடியில். சாவுக்கு வந்தபோது தேவப்பிரியம் வாசலோடு நின்று, மாலையைக் கொடுத்தனுப்பிவிட்டுத் திரும்பியவள். இன்றைக்குக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். கதவு திறந்திருந்தது.

சுவரில் புத்தர் படம், அம்பேத்கர் படம், பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த டில்லிபாபுவின் படம். அதற்குக் கீழே தரையில் டென்னிஸ் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். உயிரோடு இருந்தான். தேவப்பிரியம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று முனகினாள்.

டில்லிபாபுவின் மனைவி ரமாபாய் அவனுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். மகள் சங்கமித்ரா பள்ளிக்கூட யூனிபார்மோடு சுவரோரம் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா. உம் புள்ளதான் சொல்லிகினு இருக்காரு. நீயும் குந்து" என்றாள் ரமாபாய். அவள் குரல் அடங்கி இருந்தது. அதுவே தேவப்பிரியத்துக்குத் திகிலாக இருந்தது.

ரமாபாய் மறுபடி டென்னிஸைப் பார்த்தாள். "பூட்டுனது நீ. சர்தான். பூட்டச் சொன்னது யாரு? நீயா பூட்டிகினு போற ஆளு இல்லியே தம்பி. அவுரு தோள்ல குந்திகினு பீச்சுக்குப் போன புள்ளதானே நீ?"

"யாரும் சொல்லல அக்கா. நானாத்தான் பூட்டினேன்."

சொல்லவே நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த நொடியில் தேவப்பிரியத்துக்கு அப்பாடா என்றிருந்தது. பிள்ளை காப்பாற்றிவிட்டான். அவளையும் காப்பாற்றினான், புருஷனையும் காப்பாற்றினான். இப்படியே வாயை மூடிக்கொண்டு எழுந்து போய்விடலாம்.

அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். போன வாரம் குடோன் ஷட்டரை உயர்த்தியபோது பார்த்த அதே முகம். கண்ணில் உயிரே இல்லை. இந்தப் பொய்யையும் தூக்கிக்கொண்டு இவன் எத்தனை நாள் இருப்பான்?

"நான்தான் சொன்னேன்" என்றாள் தேவப்பிரியம்.

"அம்மா!"

"நீ சும்மா இருல." நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்தாள். "நான்தான் போன்ல சொன்னேன். ஞாயித்துக்கிழமை வேலை நடக்குதுன்னு கோயில் சனம் பாத்துரும், இறக்கிப் பூட்டிட்டு வான்னு. போனை அமத்தச் சொன்னதும் நான்தான். அவரு குடிக்கல. எங்க வீட்டுக்காரவுங்க ஸ்டேஷன்ல சொன்னது பொய். தெரிஞ்சே சொன்ன பொய்."

அடிப்பாள் என்று நினைத்தாள். முடியைப் பிடித்து இழுத்துத் தெருவில் போடுவாள் என்று நினைத்தாள். ரமாபாய் அவள் பக்கமே வரவில்லை. மகளிடம் போய், அந்தப் பெண்ணின் முகத்தை இரண்டு கையாலும் ஏந்தினாள்.

"கேட்டியாடி? உங்கப்பா குடிக்கல. கேட்டியா?"

சங்கமித்ரா தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரமாபாய் திரும்பினாள். இப்போதுதான் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. "எனுக்கு போன் போட்டாரும்மா. பூட்டிகினு போயிட்டாங்க ரமா, பொகையா கீது, தம்பி போன எடுக்க மாட்டேங்குதுன்னாரு. நான் ஆட்டோ புட்ச்சி வரதுக்குள்ள ரோட்டுல போட்டு வச்சிருந்தாங்க. ஸ்டேசன்ல சொன்னேன். குடிகாரன் ஒளறினத கேட்டுகினு இங்க வந்து பேசுறியான்னாங்க."

"ரமா..." என்று தேவப்பிரியம் குறுக்கிட்டாள்.

"பேச விடு. குடிக்க மாட்டேன், பொய் சொல்ல மாட்டேன்னு புத்தர் விகார்ல நின்னு பஞ்சசீலம் எடுத்த மனுசன் அவுரு. அதுக்கப்பறம் ஒரு சொட்டு தொட்டதில்ல. செத்த பிற்பாடு அதே விகார்ல என்னைக் கேக்குறாங்க, சீலத்த மீறிட்டாராமேன்னு. இவ இஸ்கோல்ல வாயத் தொறந்து பேசறதையே வுட்டுட்டா. வூட்லயும் பேச மாட்டா." ரமாபாய் நெஞ்சில் குத்திக்கொண்டாள். "அதெல்லாம்கூடப் போவட்டும். எல்லாரும் சொல்லச் சொல்ல, நானே நம்பிட்டேன். எனுக்குத் தெரியாம ஒருவேள குடிச்சிருப்பாரோ, போன்ல ஒளறுனாரோன்னு. எம் புருசன நானே நம்பல. இத நான் எந்தச் சாமியாண்ட போயி சொல்றது?"

டென்னிஸ் தரையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். எட்டு மாதத்தில் அவன் அழுது தேவப்பிரியம் பார்த்ததில்லை. நடுங்கத்தான் பார்த்திருந்தாள்.

அவள் தவழ்ந்து போய் ரமாபாயின் காலைத் தொடக் கையை நீட்டினாள். ரமாபாய் காலை இழுத்துக்கொண்டாள்.

"காலத் தொடாத. அது எனுக்கு வாணாம்."

"வேற என்ன செய்யணும், சொல்லு தாயி. எது சொன்னாலும் செய்யுதேன்."

"போலீசு, கேசு எல்லாம் நாங்க பாத்துக்குறோம். அதுல உன்னை வுட்டுருவேன்னு நெனைக்காத." ரமாபாய் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். "யாரு பாத்துரக் கூடாதுன்னு எம் புருசன உள்ள வச்சிப் பூட்டுன?"

தேவப்பிரியம் சொன்னாள்: "கோயில் சனம்."

"அந்த சனத்துக்கு முன்னாடி சொல்லு. வர்ற ஞாயித்துக்கிழம, அத்தினி பேரும் குந்திகினு இருக்கும்போது எழுந்து நில்லு. மைக்க கைல வாங்கிகினு, டில்லிபாபு குடிக்கல, நாங்கதான் பூட்டுனோம்னு சொல்லு. உம் புள்ளய நிக்க வைக்காத. நீ நில்லு. நானும் எம் பொண்ணும் வந்து கடைசி பெஞ்சுல குந்திகினு கேக்குறோம்."

தேவப்பிரியம் வாயைத் திறந்தாள். சரி என்ற ஒரு சொல், அதுதான் வரவில்லை. மடியில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர்தான் கூப்பிடுகிறார்.

அப்போது சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ரமாபாயே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"கடைசி பெஞ்சு வாணாம்மா" என்றாள் சங்கமித்ரா. "முன்னாடி குந்தலாம்."